வளவில் வைத்த வண்டி

நானும் என் நண்பனும் சேர்ந்து சென்ற பயணங்களில் பெரும்பொழுது ஒருவரையொருவர் காணாமலே கழிந்தது. கேட்பவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். எங்களுக்கோ அதுவே வழக்கமாயிற்று. எங்களிடம் இருந்த மிதிவண்டி ஒன்று, ஆட்கள் இருவர். அது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நண்பனின் மாமா நடத்திய இரும்புக்கடையின் பழைய வண்டி. இருவர் ஏறினால் பின்சக்கரம் முனகும். மூன்றாம் முனகலுக்குப் பிறகு ஒரு கம்பி தெறிக்கும். ஆதலின் நாங்கள் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். ஒருவன் ஏறி முன்னே செல்வான். இரண்டு கல் தொலைவு சென்றதும் வண்டியை ஒரு மதகிலோ மரத்திலோ சாய்த்துவிட்டு நடக்கத் தொடங்குவான். பின்னே நடந்து வருபவன் அதைக் கண்டதும் ஏறிக்கொண்டு, முன்னே நடப்பவனைக் கடந்து சென்று, தன் பங்குக்கு இரண்டு கல் ஓட்டி, அவ்வாறே சாய்த்து வைத்துவிட்டு நடப்பான். இம்முறையில் வண்டிக்கு ஓய்வு உண்டு; எங்களுக்கு இல்லை. ஒருவன் மற்றவனைக் கடந்துபோகும் அந்தச் சிறு பொழுதே எங்கள் உரையாடற்பொழுது.

"கால் என்ன சொல்லுது வே?" என்று அவன் மணியடித்தபடி கேட்பான்.

"கால் ஒண்ணும் சொல்லலை. அடிச்செருப்புத்தான் அழுகிறது" என்பேன். அதற்குள் அவன் அடுத்த மேட்டில் இருப்பான்.

அவன் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்தது. தந்தையை இளமையிலேயே இழந்ததால் மாமாவின் கடையில் வளர்ந்தான். எடைக்கல்லும் ஆணிப்பெட்டியும் அவனுக்கு எழுத்துக்கு முன்பே அறிமுகமாயின. என் முன்னோர் தஞ்சைப் பக்கத்திலிருந்து சில தலைமுறைகளுக்கு முன்னர் வந்து கோட்டைக்குள் குடியேறியவர்கள். நான் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டையும் கலந்து குழைத்த ஒரு மொழி என்று மூன்று நாக்குகளோடு வாழும் ஊர் திருவனந்தபுரம். எந்த வாசலில் எந்த நாக்கை நீட்டுவது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

அந்நாளில் தனித்தமிழ் வேட்கை தமிழ்நாட்டிலிருந்து கீழைக்காற்றைப் போல மலை தாண்டி எங்களையும் வந்து தொட்டிருந்தது. நான் அதில் மூழ்கினேன், நண்பனையும் இழுத்துக்கொண்டேன். ஊர் எல்லையைக் கடந்தபின் எங்கள் நாவில் அயற்சொல் ஒன்றும் வரலாகாது என்பது உடன்பாடு. ஆங்கிலம் கூடாது, வடமொழி கூடாது, மலையாளமும் கூடாது. எவன் தவறுகிறானோ அவன் மற்றவனுக்காக ஒரு கல் கூடுதலாக நடக்க வேண்டும். சைக்கிளுக்கு ஈருருளி என்று பெயர் வைத்தோம். ஒருமுறை சங்குமுகக் கடற்கரையில் நண்பனுக்குத் தாங்கொணா நீர்வேட்கை. சோடா என்று சொன்னால் ஒரு கல் நடை போய்விடும். கடைக்காரரிடம் சென்று, "உருண்டைய உள்ள தள்ளிட்டுக் குடிப்போம்லா, அந்தத் தண்ணி" என்றான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மருந்துக்கடை அடுத்த தெருவில் என்று காட்டினார்.

எங்கள் இருவரையும் ஒன்றாகக் கட்டிய கயிறு தமிழன்று, இருப்புக்கொள்ளாமை. எனக்கு மாலை வந்தால் நூலில் மனம் ஒட்டாது. ஏட்டைத் திறப்பேன், மூடுவேன், வாசலுக்கும் முற்றத்துக்கும் நடப்பேன். அவனோ உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். கடையில் ஆணி நிறுக்கும்போது அவன் காலாட்டத்தில் தராசு முள் நிலைகொள்ளாமல் துடிக்க, வாங்க வந்தவர்கள், "தம்பி, காலை ஒதுக்கிட்டு நிறுங்க" என்று சொல்லும் நிலை. கரமனை ஆற்றங்கரை, வலியதுறைப் பாலம், அருவிக்கரை, மலையடியில் வித்துரா என்று சுற்றி வந்தோம். சென்ற இடத்தில் நாங்கள் தங்கியதே இல்லை. கடலைக் கண்டதும் திரும்பினோம்; அருவியைக் கண்டதும் திரும்பினோம். போவதற்காகப் போனோம் என்பதே உண்மை.

அவ்வாறிருக்கையில், போனக்காட்டுக்குப் போகும் மலைவழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தர் வேலை ஒன்று இருப்பதாகக் கடைக்கு வந்த ஒருவர் நண்பனிடம் கூறினார். வித்துராவிலிருந்து வண்டிகளில் மேலே வரும் அரிசி முதலியவற்றை ஏற்றுப் பணியாளர்க்குப் பகிரும் பொறுப்பு. பணியாளர் தமிழர், வண்டிக்காரர் மலையாளிகள். இரு மொழியும் தெரிந்த ஆள் தேவை. வரும் ஞாயிறன்று நண்பகலுக்குள் தோட்டத் துரையின் முன் வந்து நிற்கவேண்டும். அதற்குமேல் அவர் வெளியே போய்விடுவார்.

நண்பன் மாமாவிடம் கேட்டபோது நானும் கடையில் இருந்தேன். மாமா பாட்டுக்குத் தாழ்ப்பாள்களை அடுக்கிக்கொண்டே பேசினார்.

"போய்ப் பாருலே. உன்னை வேணும்னு சொன்னான்னா அங்கேயே இருந்துக்கோ, நான் தடுக்கலை. வேண்டாம்னு சொல்லித் திரும்பி வந்தேன்னு வையி, பொறவு மலை, தோட்டம், கப்பல்னு ஒரு பேச்சும் இந்தக் கடைக்குள்ள கேக்கப்படாது. தராசுக்குப் பின்னால உக்காரணும். காலும் ஆடப்படாது."

"சரி மாமா."

"இப்பமே ஆடுதே."

ஆகவே அந்தப் பயணத்தில் வைக்கப்பட்ட பந்தயம் தெளிவானது. வேலை கிடைத்தால் அவன் மலையில் இருப்பான். கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுதும் ஆணிப்பெட்டிகளின் நடுவே இருப்பான். எனக்கும் அதில் பங்கு உண்டு. கிடைத்தால் என் மாலைகளுக்குத் துணை இல்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அவனிடம் நல்ல கோட்டு இல்லை. பள்ளிக்கு நான் அணிந்து செல்லும் கறுப்புக் கோட்டைக் கொடுத்தேன். அவன் தோள் அகலம். போட்டுப் பார்த்தபோது கைகளை முன்னே நீட்ட இயலாமல் பறவை சிறகடிப்பது போல நின்றான். "துரை கைகுடுத்தா என்ன வே செய்ய?" என்றான். "கும்பிடும், அது தமிழ்" என்றேன். கோட்டை மடித்து, துண்டில் சுற்றி, வண்டியின் பின்தாங்கியில் கட்டினோம். நடப்பவன் முதுகில் சுமையும் வியர்வையும் ஏறக்கூடாது என்பதால் மூட்டை எப்போதும் வண்டியோடே செல்லும் என்பதும் எங்கள் முறைகளில் ஒன்று.

சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டு இரவு நெடுமங்காட்டுச் சத்திரத்தில் படுத்தோம். படுத்தோம் என்றேனேயன்றி உறங்கினோம் என்று சொல்லமாட்டேன். விடியற்கருக்கலில் மீண்டும் கிளம்பினோம். அவன் ஓட்ட நான் நடந்தேன். நான் ஓட்ட அவன் நடந்தான். சாலையின் இருபுறமும் மரவள்ளிக் கொல்லைகள், பிறகு பலா நிழல்கள், பிறகு மலையின் நீல விளிம்பு. ஒவ்வொரு முறை கடந்துபோகும்போதும் அவன் முகம் மேலும் இறுகியிருப்பதைக் கண்டேன். கேலியும் குறைந்தது. கடைசியாக என்னைக் கடந்தபோது, "பிந்திராதேயும்" என்று மட்டும் சொல்லி விரைந்தான். வித்துராவுக்குள் வண்டியை ஓட்டிச் செல்வது அவன் முறை. அங்கே அவன் விட்டுச்செல்லும் வண்டியை எடுத்துக்கொண்டு, மலைவழியில் ஏறியும் தள்ளியும் அவனைப் பிடித்து, தோட்டத்துக்குள் நுழையுமுன் கோட்டை அவனிடம் சேர்ப்பது என் முறை.

வித்துராவை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. சந்தை கூடும் நாள். வாழைக்குலைகளும் மிளகு மூட்டைகளும் மனிதர்களும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தனர். வழக்கமான மதகுகளில் வண்டி இல்லை. நண்பன் எப்போதும் சாயா குடிக்கும் கடை எதுவென்று எனக்குத் தெரியும். அதன் வாசலில் நின்றதுமே கடைக்காரர் என்னை அறிந்துகொண்டார்.

"மற்றே ஆளு பறஞ்ஞேல்பிச்சு" என்றார். "சைக்கிள் வளவில் வச்சிட்டுண்டுன்னு."

"எவிடத்தே வளவில்?"

"வளவில். அத்ரயே பறஞ்ஞுள்ளூ" என்று சொல்லிவிட்டு அவர் சாயாவை ஆற்றத் திரும்பினார்.

நண்பன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வண்டி வளவில் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவே செய்தி. வளவு என்றால் மலையாளத்தில் சாலை வளைந்து திரும்பும் இடம். இதை எனக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் பிறந்தவன் நான். ஊருக்கு வெளியே முதல் வளைவில், கூட்டத்துக்கு அப்பால், வண்டியைச் சாய்த்திருக்கிறான் என்று அறிந்தேன். கூடவே ஒரு சிறு களிப்பும் உண்டாயிற்று. வளைவு என்று சொல்லவேண்டியவன் மலையாளத்தில் வளவு என்று சொல்லிவிட்டான். ஒரு கல் நடை எனக்கு மிச்சம். நான் கடைக்காரரிடம் பேசிய மலையாளம் கணக்கில் வராது; அதைக் கேட்க அவன் அங்கில்லை. அதை அவனிடம் எவ்வாறு எடுத்துச் சொல்வது என்று சொற்களைத் தேர்ந்துகொண்டே சந்தையைக் கடந்தேன்.

முதல் வளைவில் வண்டி இல்லை. ஒரு பசு நின்றது.

இரண்டாம் வளைவு அருகிலேயே தெரிந்தது. அங்கே மரத்தடியில் ஏதோ சாய்ந்திருந்தது. விரைந்து சென்றேன். அது எவரோ வெட்டிப்போட்ட பாக்குமரம். மூன்றாம் வளைவுக்கு ஓடினேன். மலைச்சாலையின் தன்மையை அறிந்தவர்க்கு நான் பட்ட பாடு விளங்கும். நேரே நூறடி செல்லாத சாலை அது. ஒரு வளைவின் முனையில் நிற்கும்போது அடுத்த வளைவின் முனை தெரியும். அதன் பின்னே இருப்பது தெரியாது. வண்டி அங்கே இருக்கும் என்று உள்ளம் சொல்லும். அங்கே போனால் அதற்கடுத்த முனை நகைக்கும். ஒவ்வொரு திருப்பமும் ஓர் உறுதிமொழி, ஒவ்வொன்றும் பொய். நின்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. கால் நின்றால் நண்பகல் என்னை முந்திவிடும் என்ற அச்சம் மட்டும் இருந்தது.

எதிரே தலையில் விறகோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். "சைக்கிள் கண்டோ?" என்றேன். "சைக்கிளோ? ஒராளு நடந்நு போணது கண்டு. சைக்கிள் கண்டில்லா" என்றாள். நடந்து போனவன் அவன்தான். அப்படியானால் வண்டியை இதற்கு முன்பே விட்டிருக்கிறான். நான் கடந்த வளைவுகளில் எதையேனும் சரியாகப் பாராமல் விட்டேனா? திரும்பி ஒரு வளைவு கீழே ஓடினேன். புதரை விலக்கினேன், அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியதுதான் பயன். எவரேனும் திருடிச் சென்றிருந்தால்? வண்டி போனால் போகட்டும்; கோட்டு அதில் இருக்கிறதே. மீண்டும் மேலே ஏறினேன். தூறல் விழுந்து நின்றது. வெயில் அடித்தது. உடம்பில் எது மழைநீர், எது வியர்வை என்று பிரிக்க இயலவில்லை. வழி நெடுக மனத்துக்குள் அவனோடு சண்டையிட்டேன். அத்தனை வளைவுகள் உள்ள சாலையில் வளைவில் வைத்தேன் என்று சொல்பவனை என்னவென்பது? வானத்தின் கீழே வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

தோட்டத்தின் நுழைவாயிலில் இரண்டு கருங்கல் தூண்கள் இருந்தன. ஒன்றில் சாய்ந்தபடி நண்பன் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முழங்கால்வரை செம்மண். என்னைக் கண்டதும் அவன் பார்வை என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் சென்றது.

"ஈருருளி எங்க வே?"

"அதை நானல்லவா கேக்கணும்?"

"வளவுல வச்சிருக்கேன்னு சொல்லச் சொன்னேனே. கடைக்காரன் சொல்லலையா?"

"சொன்னார். எல்லா வளவையும் பார்த்துட்டுத்தான் வரேன். ஒண்ணுலயும் இல்லை."

"எல்லா வளவுமா? அங்க ஒரு வளவுதான இருக்கு?"

"ஒண்ணா? போய் எண்ணிப் பாரும். குடல் மாதிரி சுருண்டு கிடக்கு."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீரு எதைச் சொல்லுதீரு? நான் வீட்டைச் சொல்லுதேன் வே. சந்தைக்குப் பொறத்தால நம்ம ஊர்க்காரங்க நாலு வீடு சுத்திக் குடியிருக்காங்கல்லா, நடுவுல முத்தம், வாசல்ல ஒரு கதவு. அந்த வளவுல வச்சேன். கோட்டை ரோட்டோரத்துலயா போட்டுட்டு வர முடியும்?"

அப்போது விளங்கிற்று. திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரே முற்றத்தைச் சூழ்ந்த வீடுகளின் தொகுதிக்கு வளவு என்று பெயர். எங்கள் தஞ்சை வழக்கில் அச்சொல் இல்லை. நூலில் கண்டதுண்டு, தெருவில் கேட்டதில்லை. தன் வீட்டுத் தமிழில் அவன் சொன்ன சொல், கடைக்காரர் வாயில் புகுந்ததும் மலையாளமாகிவிட்டது. மலையாளம் தெரிந்த நான் அதை மலையாளமாகவே வாங்கிக்கொண்டேன். மலையாளம் தெரியாதவனாக இருந்திருந்தால், வளவு என்றால் என்ன என்று கேட்டுத் தெளிந்திருப்பேன்.

"மலையாளத்துல வளவுன்னா வளைவு" என்றேன்.

"நான் மலையாளத்துல சொல்லலியே. சத்தியம் பண்ணிட்டுல்லா வந்தோம்?"

"சொன்னவர் மலையாளி."

"சொல்லச் சொன்னவன் நான்லா?"

"சத்தியம்ங்கிறது வடசொல்."

"ஓய், உம்மை இந்தத் தூண்லயே கட்டிவச்சு உதைப்பேன்."

எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து தலைமை எழுத்தர் வந்தார். நடுவயது, திருநெல்வேலித் தமிழ், கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு. நண்பனின் நிலையைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"வேலைக்கு வந்தது நீங்கதானா? துரை முன்னால கோட்டில்லாம ஒருத்தனையும் நான் கொண்டுபோய் நிறுத்தினது கிடையாது."

"கோட்டு இருக்குங்க, ரைட்டரய்யா" என்றான் நண்பன். "வளவுல இருக்கு."

"எந்த வளவுல?"

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நண்பன் நடந்ததைச் சொல்லத் தொடங்கினான். நான் இடையிட்டேன். அவன் என்னைத் தடுத்தான். எழுத்தர், "மெள்ள, மெள்ள" என்று எங்கள் இருவரையும் அடக்க முயன்றதில் அவர் குரலே எல்லாவற்றினும் பெரிதாயிற்று. தம் வீட்டின் முகப்பிலிருந்து துரை இறங்கி வந்தார். தலையில் தொப்பி, கையில் பிரம்பு, புறப்படும் கோலம். அவர் தமிழ் பணியாளரிடமிருந்து கற்றது. சொற்கள் எல்லாம் ஏவும் குரலிலேயே வரும்.

"என்னா வளவு, வளவு? என்னா சண்டை?"

எழுத்தர் சுருக்கிச் சொன்னார். துரை நகைக்கவில்லை. பிரம்பால் தம் பூட்சைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"இப்படித்தான். லயத்துக் கூலி ஆள் ஒண்ணு சொல்றான். வண்டிக்காரன் வேற கேக்குறான். அரிசி மழையிலே நனையுது." நண்பன் பக்கம் பிரம்பை நீட்டினார். "நாளைக்கு வண்டி வரும். நீ என்னா சொல்லுவே?"

இதுதான் தேர்வு என்பது எங்களுக்கு உடனே புலப்படவில்லை. ஒன்று கண்டேன். நண்பன் உண்மையாகவே அதை எண்ணிப் பார்த்தான். துரையை மகிழ்விக்கும் விடையை அவன் தேடவில்லை. நாளைய வண்டியைத் தேடினான்.

"வளவுங்கிற சொல்லையே ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. வண்டிக்காரன்கிட்ட, 'ஆ வீட்டின்றெ முற்றத்து இறக்கியால் மதி' வீட்டு முத்தத்துல இறக்கினாப் போதும், அப்படின்னு சொல்லுவேன். சொல்லிட்டு, எங்க இறக்கப் போறேன்னு அவன் வாயாலயே திருப்பிக் கேப்பேன். காலையில அதைத்தான் செய்யாம விட்டுட்டேன்."

மலையாளச் சொற்கள் அவன் நாவில் தங்குதடையின்றி வந்தன. எனக்கு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. "உண்மையில் இரண்டு சொல்லும் வளை என்னும் ஓரடியிற் பிறந்தவையே. சூழ்ந்து வளைந்திருப்பதால் வீட்டுத் தொகுதிக்கும்..." என்று தொடங்கினேன்.

"இது யாரு?" என்றார் துரை எழுத்தரிடம்.

"கூட வந்தவர், துரை. தமிழ் வாத்தியாராம்."

"வாத்தியார் வேணாம்" என்றார். மீண்டும் நண்பனைப் பார்த்தார். "இவன் இருக்கட்டும். இன்னிக்கே." சொல்லிவிட்டுக் குதிரை கட்டியிருந்த பக்கம் போய்விட்டார். கோட்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. எழுத்தருக்கு அதில் சிறிது மனக்குறை இருந்ததாகத் தோன்றிற்று.

நண்பன் அசையாமல் நின்றான். "இன்னைக்கேயா?" என்றான்.

"நாளைக்கு விடியுமுன்ன வண்டி வந்துரும்" என்றார் எழுத்தர். "இருக்கணும்னா இரும். ஊருக்குப் போய்ச் சொல்லிட்டு வாரேன்னா போம். அதுக்குள்ள வேற ஆளு வந்தா என்னைக் குத்தம் சொல்லப்படாது."

அவர் விலகிச் சென்றதும் நண்பன் என் பக்கம் திரும்பினான். "என்ன வே செய்ய?"

வா, ஊருக்குப் போவோம், மாமாவிடம் சொல்லிவிட்டு இரண்டு நாளில் திரும்பலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நியாயமாகத் தோன்றக்கூடிய சொல்தான் அது. அவன் கேட்டிருப்பான் என்றும் நினைக்கிறேன். சொல்ல வாயெடுத்தபோது தற்செயலாக அவன் கால்களைப் பார்த்தேன். செம்மண் அப்பிய அந்தக் கால்கள் ஆடவில்லை. அத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவன் நின்ற இடத்தில் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். என் கால்களோ ஒன்றை மாற்றி ஒன்றை வைத்துக்கொண்டிருந்தன.

"இரும்" என்றேன்.

"மாமாகிட்ட நீரே சொல்லிரும்."

"என்னன்னு சொல்ல?"

"இருந்துட்டான்னு சொல்லும். வேற என்னத்தச் சொல்ல இருக்கு?" சட்டையை இழுத்துச் சரிசெய்தபடி, "கோட்டு உமக்கே. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுல்லா" என்றான். எழுத்தர் அழைத்தார். அவன் உள்ளே போனான்.

இறங்கும்போது வளைவுகள் வேறாகத் தெரிந்தன. எதையும் எதிர்பாராதவனுக்கு வளைவு வெறும் வளைவுதான். ஆயினும் கால் மெல்ல நடக்க மறுத்தது; பாதி வழியை ஓடியே கடந்தேன். கீழே எனக்காக எவரும் காத்திருக்கவில்லை.

வித்துராவில் சந்தை கலைந்துகொண்டிருந்தது. அதன் பின்னே ஒரு மரக்கதவைக் கண்டேன். உள்ளே சதுர முற்றம், சுற்றிலும் வீடுகள், நெல் உலர்த்திய பாய்கள். முற்றத்தின் ஓரத்தில் வண்டி நின்றது. பின்தாங்கியில் மூட்டை அவிழாமல் இருந்தது. நடுவயதுப் பெண்மணி ஒருவர் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, சைக்கிளை எடுக்க வந்தேன்" என்றேன்.

"எடுக்கப்படாது" என்றார் அவர், கூட்டுவதை நிறுத்தாமல். "காலையில வச்சுட்டுப் போனவுக சொல்லிட்டுத்தான் போனாவ. யாரு வந்து சைக்கிள்னு கேட்டாலும் குடுக்காதிய, என் கூட்டாளி சைக்கிள்னு சொல்லமாட்டாரு, வேற என்னமோ ஒண்ணு சொல்லுவாருன்னாவ."

அன்று அந்தச் சொல்லைச் சொல்ல நா எழவில்லை. ஆனால் வேறு வழி இல்லை.

"ஈருருளி" என்றேன்.

"அதேதான்" என்று அவர் சிரித்தார். "எடுத்துக்கோங்க. காலையில நீங்க இந்த வாசலோட விறுவிறுன்னு போறதை நான் பார்த்தேனே. கூப்பிட்டேன். நீங்க யாரையும் திரும்பிப் பாக்கலை."

ஊர்வரை வண்டியை நானே ஓட்டினேன். இறங்கவேண்டிய இடங்கள் வந்தன, இறங்கவில்லை. எதிர்காற்றும் மேடும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. நெடுமங்காட்டில் தண்ணீர் குடிக்கவும் நிற்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து போகும்போது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிகூட ஆகவில்லை என்பதை ஊர் விளக்குகளைக் கண்டபோது அறிந்தேன். விரைவில் வந்துவிட்டதில் யாதொரு மகிழ்ச்சியும் இல்லை. மாமாவிடம் சொல்லவேண்டிய சொல்லை வழியெல்லாம் மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்திருந்தேன். ஒன்றும் வாய்க்கவில்லை.

கடைத்தெருவில் பெரும்பாலான கடைகள் அடைத்தாயிற்று. மாமா தம் கடையின் முன்பலகைகளை ஒவ்வொன்றாக வாசற்படியின் பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். நெடிய பலகைகள், ஒருமுனையை ஒருவர் மேலே தாங்க, மறுமுனையை இன்னொருவர் கீழே செருகவேண்டும். தனியே தடுமாறிக்கொண்டிருந்தார். வண்டியோசை கேட்டுத் திரும்பினார்.

"வாங்க வாத்தியாரே. அவன் எங்க? பின்னால நடந்து வாரானா?"

எங்கள் முறை ஊருக்கே தெரியும். ஒருவன் வண்டியில் வந்தால் மற்றவன் சற்று நேரத்தில் கால்நடையாய் வருவான். மாமா கையிலிருந்த பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிழக்கே தெருவின் கடைக்கோடியைப் பார்த்தபடி காத்து நின்றார். "வரட்டும். அவன் வந்து இதைப் பிடிச்சா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றார்.

"இல்லை மாமா" என்றேன். "அவன் அங்கேயே இருந்துட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தெருவைப் பார்த்தார்.

"வேணும்னு சொல்லிட்டானா துரை?"

"சொல்லிட்டார். நாளைக்கே வேலை."

"கோட்டு போட்டுக்கிட்டுத்தான போனான்?"

"இல்லை. போடாமலே."

"போடாமலே வேணும்னுட்டானா?" அவர் குரலில் சினமா பெருமிதமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. சாய்த்து வைத்த பலகையை மீண்டும் எடுத்துத் தோளில் ஏற்றினார்.

"அந்தப் பக்கம் பிடியும்" என்றார்.

வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் பிடித்தேன். எந்தப் பலகை எந்தப் பள்ளத்தில் முதலில் இறங்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லாமலே செய்யும் ஒருவனோடுதான் இத்தனை ஆண்டும் அடைத்திருக்கிறார். ஒன்றைத் தவறாகச் செருகிவிட்டு இருவரும் சேர்ந்து பிடுங்கினோம்.